பூம்புகார்க் கலைக்கூடம்: கட்டிய கணக்கும் காத்த கணக்கும்



நம் நகர்ப் பூங்காவில் தமிழிசை மூவருக்கு ஒரு கருங்கல் புடைப்புச் சிற்பம் வைக்கலாம் என்ற யோசனை வரும் பொதுக்குழுவில் தீர்மானமாக வருகிறது. முத்துத்தாண்டவர் நம் ஊர்க்காரர். அருணாசலக் கவிராயர் (1711–1779) தில்லையாடியில் பிறந்து இங்கே வந்து குடியேறியவர். மாரிமுத்தாப் பிள்ளை கொள்ளிடத்துக்கு அக்கரையில் தில்லைவிடங்கனைச் சேர்ந்தவர். ஊரில் மணிமண்டபம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். மணிமண்டபத்துக்கு நாமாகப் போக வேண்டும். பூங்காவில் இருப்பதோ சாயங்காலம் சறுக்குமரத்தில் விளையாடும் பிள்ளைகளின் கண்ணில் தானாகப் படும். ஆகவே எனக்கு யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் கல் வாங்க எவ்வளவு, சிற்பிக்குக் கூலி எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு பிரிப்பது என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அது பாதிக் கணக்கு. மீதிப் பாதியைப் பார்க்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். மங்கைமடம், திருவெண்காடு வழியாக ஒரு பஸ் டிக்கெட் எடுத்தால் போதும்.

பூம்புகாரில் உள்ள சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973இல் திறக்கப்பட்டது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் மு. கருணாநிதி. 1964இல் வந்த 'பூம்புகார்' படத்துக்கு வசனம் எழுதியவரும் அவரே என்பதால் இந்த ஊர் மீது அவருக்கு இருந்த பிடிப்பைச் சொல்லத் தேவையில்லை. வடிவமைத்தவர் வை. கணபதி ஸ்தபதி. மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் இருந்தவர். அந்தக் கல்லூரி மாணவர்களின் உளிதான் இங்கே வேலை செய்தது. காப்பியத்தில் வரும் எழுநிலை மாடத்தை நினைவூட்டும்படி ஏழு நிலைக் கட்டடம். உள்ளே கண்ணகி கதையைத் தொடர்ச்சியாகச் சொல்லும் 49 சிற்பங்கள். வெளியே கண்ணகி சிலை, மாதவி சிலை, மகர தோரண வாயில். பக்கத்திலேயே இலஞ்சி மன்றம், நெடுங்கல் மன்றம், பாவை மன்றம். பயணிகள் தங்கச் சங்கு வடிவ விடுதிகளும் எழுந்தன.

அந்த மன்றங்களைப் பற்றி ஒரு வார்த்தை. புகாரில் ஐந்து மன்றங்கள் இருந்ததாக இளங்கோவடிகள் சொல்கிறார். அவற்றில் பாவை மன்றத்தில் ஒரு சிலை. அரசன் நீதி தவறினால் அது பேசாது, கண்ணீர் மட்டும் விடும். ஊர் நடுவே பொதுமக்கள் பார்க்க ஒரு கலைப்பொருள் வைப்பது நமக்குப் புதிதில்லை என்பதற்காகச் சொன்னேன். (இன்றைக்குப் பாவையின் கண்ணில் தண்ணீர் வழிந்தால் மேலே கான்கிரீட் ஒழுகுகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.)

அதற்குப் பின் நடந்தது உங்களில் பலர் நேரில் பார்த்ததுதான். 1980களில் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்களுக்குப் பளிச்சென்ற கலைக்கூடம் நினைவிருக்கும். பின்னாளில் பேரப்பிள்ளைகளோடு போனவர்கள் பூச்சு உதிர்ந்த சுவரையும், பூட்டிக் கிடந்த சங்கு விடுதிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கடலோரத்தில் உப்புக் காற்று ஓய்வதில்லை. கான்கிரீட்டில் மயிரிழை விரிசல் விட்டால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பும். உப்பினால் மேல்பூச்சு பெயர்ந்து விழும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியும் இந்தக் கரையில் வந்து அடித்தது. இவை எல்லாம் உண்மை. ஆனாலும் உப்பின் மீது மட்டும் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை.

கணக்கு எழுதியே முப்பது வருஷம் ஓட்டியவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது வேறு. மூலதனச் செலவு என்று ஒன்று, வருவாய்ச் செலவு என்று ஒன்று. முதலாவது ஒரே ஒரு தடவை வரும். அடிக்கல், திறப்பு விழா, கல்வெட்டில் பெயர் எல்லாம் அதற்கு உண்டு. இரண்டாவது ஆண்டுதோறும் வரும். அதற்கு விழா எடுப்பார் யாருமில்லை. போதாக்குறைக்கு, கலைக்கூடம் திறந்தபோது அது தஞ்சாவூர் மாவட்டம். 1991இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை மாவட்டம் பிறந்தது. கட்டடம் ஓர் அங்குலம் நகராமல் மூன்று கலெக்டர் அலுவலகங்களைப் பார்த்துவிட்டது. ஆட்சிகளும் மாறி மாறி வந்தன. கட்டிய அரசின் அடையாளமாகவே ஒரு கலைப்பொருள் பார்க்கப்படும்போது, அடுத்து வருபவர்களுக்கு அதில் ஆர்வம் குறைவது இயற்கைதான். சென்னைக் கடற்கரையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த கண்ணகி சிலையே 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு, ஆட்சி மாறிய பின் 2006 ஜூனில்தான் பழைய இடத்துக்குத் திரும்பியது.

கடைசியில் பூம்புகாரைச் சீரமைக்கச் சுமார் 23 கோடி ரூபாயில் அரசு திட்டம் போட வேண்டி வந்தது. வருஷா வருஷம் செய்யாத சின்னச் செலவுகள் சேர்ந்து ஒரே பில்லாக வந்தால் இப்படித்தான் இருக்கும்.

அதே கணபதி ஸ்தபதியின் இன்னொரு வேலையைப் பாருங்கள். கன்னியாகுமரியில் 133 அடி திருவள்ளுவர் சிலை, 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. அதுவும் கடல்தான், சொல்லப்போனால் கடலுக்கு நடுவிலேயே நிற்கிறது. கருங்கல் என்பதால் கான்கிரீட்டைவிடத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் கல்லிலும் உப்பு ஊறும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சாரம் கட்டி, நன்னீரால் கழுவி, இணைப்புகளைப் பூசி, சிலை மேல் காகிதக் கூழை அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். 2022இல் தொடங்கி 2023 வரை அந்த வேலை நடந்தது. அங்கே பராமரிப்புக்கு ஒரு முறை ஏற்பட்டிருக்கிறது. பூம்புகாரில் அது ஏற்படவில்லை. வித்தியாசம் அவ்வளவே.

நம் முன்னோர் இதை எப்படிச் செய்தார்கள்? இதில்தான் நாம் பெருமைப்பட இடம் இருக்கிறது.

கல் நடுவதற்குத் தொல்காப்பியம் ஆறு படிகளைச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. தகுந்த கல்லைக் கண்டறிவது, அதைக் கொண்டுவரும் வேலையைத் தொடங்குவது, நீரில் தூய்மை செய்வது, நடுவது, அதற்குரிய சிறப்பும் படையலும் செய்வது, வாழ்த்துவது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காதைகளின் பெயர்களே ஏறக்குறைய இந்த வரிசையில்தான் போகும். சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்து, கங்கையில் நீராட்டி, கனகன், விசயன் இருவர் தலையிலும் ஏற்றிக் கொண்டுவந்தான் என்பதை எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். அதோடு அவன் நிறுத்தவில்லை. கோயில் எழுப்பிய பின், நாள்தோறும் பூசை நடக்க ஏற்பாடு செய்து, அந்தப் பொறுப்பைத் தேவந்தி என்ற பெண்ணிடம் ஒப்படைத்தான். யார் செய்வது என்று ஆள் குறித்தாயிற்று. நம் தீர்மான வரைவில் 'சங்கம் பராமரிக்கும்' என்று ஒரு வரிதான் இருக்கிறது. சங்கம் என்றால் யார்?

காப்பியம் கற்பனை என்று ஒதுக்குபவர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. இராசராசனின் தமக்கை குந்தவை, தஞ்சைப் பெரிய கோயிலில் தன் தந்தைக்கும் தாய்க்கும் திருமேனிகள் எடுப்பித்தாள். அவற்றின் அன்றாடச் செலவுக்காக ஊர்ச் சபைகளிடம் காசு கொடுத்து வைத்தாள். அந்தக் கோயில் கல்வெட்டுகளில் வரும் வட்டி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. அதாவது 12.5 சதவீதம். இன்றைக்கு எந்த வங்கியும் தராது. நான் வேலை பார்த்த வங்கியும் தராது! ஊர் மாறாது, சபை மாறாது, வட்டி வந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட நிரந்தர வைப்பு அது.

பணம் இல்லாதவர்கள் ஆடு கொடுத்தார்கள். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. மேய்ப்பவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை 96ஆகவே வைத்திருக்க வேண்டும். அசலில் கை வைக்கக் கூடாது, வட்டியில்தான் விளக்கெரிய வேண்டும் என்பதை ஆட்டுக்கு ஒரு பெயர் வைத்தே சொல்லிவிட்டார்கள். நான் பி.காம். படித்தபோது இதை யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அறக்கட்டளைக் கணக்கு எவ்வளவு சுலபமாகப் புரிந்திருக்கும்!

அடுத்து, பணம் யாரிடமிருந்து வருவது என்ற கேள்வி. பெரிய மனிதர் ஒருவரைப் பிடித்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். முடியும். ஆனால் அவர் பெயர் கல்லில் பெரிதாக இருக்கும். நாளைக்குக் காக்கை எச்சத்தைத் துடைக்க வேண்டுமென்றால் அவரிடமே போய்ச் சொல்லுங்கள் என்பார்கள். கன்னியாகுமரி விவேகானந்தர் பாறை நினைவு மண்டபத்துக்கு (1970) ஏக்நாத் ரானடே நாடெங்கும் பொதுமக்களிடம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்றுகூட வசூலித்தார். அமெரிக்காவில் சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்குப் பணம் போதாமல் வேலை நின்றபோது, 1885இல் புலிட்சர் தம் பத்திரிகையில் நன்கொடை கேட்டு எழுதினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. கொடுத்தவர் பெயரையெல்லாம் அவர் அச்சிட்டார். நம் நகரில் வாடகைக்கு இருப்பவர்கள், தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், பள்ளிப் பிள்ளைகள் என எல்லோரிடமும் பத்து ரூபாயாவது வாங்க வேண்டும் என்று நான் சொல்வது தொகைக்காக இல்லை. பத்து ரூபாய் கொடுத்த பையன் அதன் மேல் கரியால் கிறுக்க மாட்டான். கிறுக்குபவனையும் விட மாட்டான். அரசின் 'நமக்கு நாமே' திட்டத்திலும் பொதுமக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று என்பதுதான் விதி. நகராட்சியில் இதற்கு இடமுண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இடம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பூங்கா வேண்டாம், நுழைவாயிலில் சாலையை ஒட்டி வைத்தால் எல்லோருக்கும் தெரியும் என்பது ஒரு தரப்பு. பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலை வைக்க அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. நடிகர் திலகத்துக்கே அந்த நிலைமை: 2006இல் சென்னைக் கடற்கரைச் சாலையில் வைத்த சிலை, போக்குவரத்துக்கு இடையூறு என்று வழக்காகி, 2017இல் அடையாறு மணிமண்டபத்துக்குப் போனது. தஞ்சையில் இராசராசன் சிலையைப் பெரிய கோயிலுக்குள் வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி கிடைக்காமல், 1972இல் வெளியே வைத்தார்கள். தான் கட்டிய கோயிலுக்கு வெளியே அவன் நிற்கிறான். நம் பூங்காவும் மனைப்பிரிவு போட்டபோதே தானப் பத்திரம் மூலம் நகராட்சிக்குப் போய்விட்ட இடம். முதலில் நகராட்சியின் எழுத்துபூர்வமான அனுமதி, அப்புறம் சிற்பிக்கு முன்பணம். இந்த வரிசை மாறினால் கல் நம் சங்க அலுவலகத்து வாசலிலேயே கிடக்கும்.

ஆகவே தீர்மானத்தில் மூன்று திருத்தங்களை நான் முன்மொழிய இருக்கிறேன். வசூலாகும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 20 ரூபாயை எடுத்துச் சங்கத்தின் பெயரில் தனி வைப்பாகப் போட வேண்டும். பொதுக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் சம்மதிக்காமல் அசலைத் தொடக் கூடாது. ஒரு லட்சம் சேர்ந்தால், ஆறரை சதவீத வட்டியில் வருஷத்துக்கு 6,500 ரூபாய். விளக்குக்கும், மழைக்காலத்துக்குப் பின் ஒரு முறை கழுவிப் பாசி எடுக்கவும் அது போதும். இரண்டாவது, அந்த வேலையை யார் செய்வார் என்று பெயர் போட்டு, ஆண்டுதோறும் பொதுக்குழுவில் மாற்றி எழுத வேண்டும். பீடம் பற்றியது மூன்றாவது. வரைபடத்தில் ஒன்றரை அடி என்று இருக்கிறது. 2022 நவம்பர் 11 அன்று நம் ஊரில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கூட்டத்துக்கு வரும்போது அன்றைக்கு உங்கள் வாசலில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று ஒரு டேப் வைத்து அளந்து, சீட்டில் குறித்து வாருங்கள். பீடத்தின் உயரத்தை அதை வைத்து முடிவு செய்யலாம்.