116 ஏக்கர்ல மிச்சம் எவ்வளவு?

கும்மிடிப்பூண்டி லோக்கல்ல போற மக்களுக்கு நான் சொல்றது புரியும். பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், கொருக்குப்பேட்டைன்னு நின்னு நின்னு வந்து, பேசின் பிரிட்ஜ் கிட்ட சிக்னலுக்குத் தவம் கிடந்து, கடைசியா மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்ல இறங்குவோம். சிப்காட்ல வேலைக்குச் சேர்ந்த புதுசுல, லீவு நாள்ல சென்னைக்கு வந்து இறங்கி, "மார்க்கெட் எங்கண்ணே இருக்கு?"ன்னு ஒரு டீக்கடைக்காரர்கிட்ட நிஜமாவே கேட்டிருக்கேன். "நீ நிக்கிற இடம்தான் தம்பி"ன்னார். சிரிக்காதீங்க. இந்தப் பதிவுக்கு விதை போட்டவர் அவர்தான்.

அந்த இடத்துக்கு முதல்ல வேற பேரு: பீப்பிள்ஸ் பார்க். 1859-60ல மதராஸ் கவர்னரா இருந்த சார்லஸ் ட்ரெவெல்யன் போட்ட திட்டம் அது. (புது வரியை எதிர்த்து வெளிப்படையா எழுதினதுக்காக மேலிடம் திருப்பி அழைச்சிடுச்சு. நம்ம ஆளுய்யா!) மொத்தம் 116 ஏக்கர். குளங்கள், பேண்ட் வாசிக்க மேடை, 1861ல இருந்து மிருகக்காட்சி சாலை. வண்டி வச்சிருக்கிற துரைமாருக்கு மெரினா பக்கம் காத்து வாங்க இடம் இருந்தது. நெரிசலான கருப்பர் நகரத்துச் சனத்துக்குக் கிடைச்சது இந்தப் பூங்கா. பக்கத்துல இருக்கிற பார்க் டவுனுக்கும் பார்க் ஸ்டேஷனுக்கும் பேர் வந்ததே இதாலதான்.

சோகமும் உண்டு. 1886 டிசம்பர் 31, பார்க் ஃபேர் நடந்துக்கிட்டிருந்தப்போ தீப்பிடிச்சு நூத்துக்கணக்கான பேர் செத்துப் போனாங்க.

அப்புறம் ஒவ்வொரு துண்டா போக ஆரம்பிச்சது. விக்டோரியா பப்ளிக் ஹால் கட்டக் கொஞ்சம். 1900ல திறந்த மூர் மார்க்கெட்டுக்குக் கொஞ்சம். 1913ல ரிப்பன் மாளிகை. மார்க்கெட் 1985 மே மாசம் எரிஞ்சதும் அந்த எடத்துல ரயில்வே வந்தது. அதே வருஷம் மிருகக்காட்சி சாலையும் வண்டலூருக்குக் கிளம்பிடுச்சு. எதையும் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அந்த ரயில்வே இல்லேன்னா நான் எங்க போய் இறங்குறது?

இந்தத் துண்டுகள்ல ஒண்ணுதான் ரிப்பன் மாளிகைக்குப் பின்னாடி இருக்கிற ஸ்டேடியம். அப்போ கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956ல இருந்து 1965 வரைக்கும் சென்னையோட டெஸ்ட் மேட்ச் எல்லாம் சேப்பாக்கத்துல இல்ல, இங்கதான். 1956 ஜனவரில நியூசிலாந்துக்கு எதிரா வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 அடிச்சாங்களே, அது இந்தத் தரையிலதான். மன்கட் 231, ராய் 173. அந்த ரெக்கார்டு 52 வருஷம் நின்னுது. 2008ல தென்னாப்பிரிக்காவோட மெக்கென்சியும் ஸ்மித்தும் 415 எடுத்துத்தான் உடைச்சாங்க. 1964ல குந்தரன் இங்கிலாந்துக்கு எதிரா 192 அடிச்சதும் இங்கதான்.

கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்பிப் போனப்புறம் மைதானத்துக்கு வயசாயிடுச்சு. 1993ல நேரு கோப்பை கால்பந்துக்காக ஏறக்குறைய புதுசாவே கட்டினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, 1995 டிசம்பர்ல, தெற்காசிய விளையாட்டுப் போட்டி. 2014ல இருந்து சென்னையின் எஃப்.சி. பசங்க மஞ்சள் வெளிச்சத்துல ஓடுறதை நானும் காலரில உக்காந்து தொண்டை கட்டக் கத்தியிருக்கேன். கடைசி ரயில் போயிடுமேன்னு ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியே ஓடியும் வந்திருக்கேன். அப்படி ஒரு ஸ்டேடியம் ஊருக்கு வேணும்தான்.

ஆனா சாயங்காலம் ஒரு பந்தைத் தூக்கிக்கிட்டுப் போய் "வாங்கடா ஆடலாம்"னு அங்க இறங்க முடியுமா? சுவர், கேட்டு, டிக்கெட், பர்மிஷன். பழைய மைதானத்தைப் புதுப்பிக்கும்போது இங்கதான் எனக்கு உறுத்துது. கான்கிரீட் உசரும்போது கூடவே கேட்டும் உசந்துடுது.

பெரிய ஸ்டேடியத்துக்கு மட்டும்தான் இந்தக் கதைன்னு நினைக்காதீங்க. 2024 அக்டோபர் கடைசில சென்னை மாநகராட்சி, தான் செயற்கைப் புல் போட்டு வச்சிருந்த 9 கால்பந்து மைதானங்களைத் தனியார் கையில கொடுத்து, ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்கலாம்னு தீர்மானம் போட்டுச்சு. பத்துப் பசங்க ஒரு மணி நேரம் ஆடினா 1,200 ரூபாய்! வடசென்னைப் பசங்க எங்கேர்ந்து கொண்டு வருவாங்க? எல்லாப் பக்கமும் எதிர்ப்பு கிளம்பி, சில நாள்லயே வாபஸ் வாங்கிட்டாங்க. கத்தினதால கிடைச்சது. கத்தாம இருந்திருந்தா?

எங்க பக்கம் வரேன். கம்பெனி பேர் வேண்டாம். பத்து வருஷத்துக்கு மேல எங்க ஷிப்ட் ஆளுங்க ஞாயித்துக்கிழமை ஆடிக்கிட்டிருந்தது ஒரு காலி மனையில. முள்ளு வெட்டி, கல்லு பொறுக்கி, ரெண்டு லாரி மண்ணடிச்சு நாங்களே பிட்ச் போட்டோம். பீகார், ஒரிசாப் பசங்களும் சேர்ந்துக்குவாங்க. அவங்களுக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது, "அவுட்டு" மட்டும் எல்லாருக்கும் தெரியும். ஒரு திங்கக்கிழமை வேலைக்குப் போறோம், சுத்தி கம்பி வேலி. மனை அவங்களோடது, கேக்க நமக்கு உரிமை இல்ல. அந்தப் பசங்க இப்போ ஞாயித்துக்கிழமை ரூம்ல படுத்து செல்போனைப் பார்த்துக்கிட்டுக் கிடக்காங்க.

தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம்னு அரசாங்கம் சொல்லியிருக்கு. நல்ல விஷயம், சந்தோஷமா வரவேற்கிறேன். காலரியும் பெயிண்டும் அப்புறம் வரட்டும். பிளான் போடற எஞ்சினியர் அய்யா முதல்ல ஒரு கேட்டு வரையணும், காசு கேக்காத, சாயங்காலம் பூட்டாத கேட்டு. ட்ரெவெல்யன் 116 ஏக்கர் கொடுத்தாரு. எங்களுக்கு ஒரு பிட்ச் அளவு போதும் சார்.