ஒன்றுவிட்டு ஒரு பள்ளி

1990களில் மேற்குக் கென்யாவின் கிராமப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளிடமும் பாடப்புத்தகம் இருக்காது. அங்கே கல்வித் தொழில்நுட்பம் என்றால் ஃபிளிப் சார்ட்தான்: சுவரில் மாட்டி, தாள் தாளாகப் புரட்டிக் காட்டும் பெரிய படங்கள். ஆளுக்கொன்று வேண்டாம், வகுப்புக்கு ஒன்று போதும். ஆங்கிலத்தில் தடுமாறுகிற பிள்ளைக்கும் படம் புரியும். நானாக இருந்தாலும் காசு கொடுத்திருப்பேன்.

பலன் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சார்ட் இருக்கிற இடத்து மதிப்பெண்ணை இல்லாத இடத்தோடு ஒப்பிடுவது வழக்கமான முறை. மைக்கேல் கிரெமரும் (பின்னாளில், 2019இல், நோபல் வாங்கியவர்) அவருடைய சகாக்களும் அப்படியும் கணக்குப் போட்டார்கள். சார்ட் இருந்தால் மதிப்பெண் திட்டவிலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது என்று வந்தது. நல்ல எண்தான். அதை வைத்தே ஒரு அரசுத் திட்டம் போட்டுவிடலாம்.

கூடவே இன்னொன்றும் செய்தார்கள். 178 பள்ளிகளைப் பகுதிவாரியாகப் பிரித்து, அகரவரிசையில் எழுதி, ஒன்றுவிட்டு ஒன்றுக்கு சார்ட் கொடுத்தார்கள். பள்ளிப் பெயரின் முதலெழுத்துக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? குலுக்கல் சீட்டு மாதிரிதான். கிடைத்த 89 பள்ளிகளுக்கும் கிடைக்காத 89க்கும் மதிப்பெண்ணில் வித்தியாசமே இல்லை. 2004இல் வெளியான அந்தக் கட்டுரையில் இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

அப்படியானால் முதல் கணக்கு எதை அளந்தது? தேடிப்பிடித்து சார்ட் வாங்குகிற தலைமையாசிரியர் மற்றதையும் அக்கறையாகச் செய்கிறவராக இருப்பார். அவருடைய உழைப்பு சார்ட்டின் பெயரில் வரவாகிவிட்டது. மென்பொருள் வேலையில் ஒரு பட்டனின் நிறத்தை மாற்றக்கூட பயனர்களைக் குலுக்கிப் பிரித்துப் பார்ப்போம். பள்ளிக்கூடம் என்றால் மட்டும் நாலு ஆசிரியர்களிடம் "நல்லா இருக்குங்களா?" என்று கேட்டு முடித்துவிடுகிறோம்.

ஆனால் குலுக்கலும் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். குஜராத்தில் ஞான்ஷாலா பள்ளிகளில் லீ லிண்டன் ஒரே கணித மென்பொருளை இரண்டு விதமாகச் சோதித்தார். பள்ளி முடிந்தபின் கூடுதலாகப் பயன்படுத்திய பிள்ளைகள் முன்னேறினார்கள். வகுப்பு நேரத்தில், பாடத்துக்குப் பதிலாகக் கணினி முன் உட்கார்ந்தவர்கள், வகுப்பிலேயே இருந்திருந்தால் கற்றிருக்கக்கூடியதைவிடக் குறைவாகவே கற்றார்கள். அந்த வகுப்பறைகளில் பாடம் ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருந்தது.