சென்னை காசநோய் வீட்டுச் சிகிச்சை ஆய்வு

காசநோயாளியை மருத்துவமனையில் படுக்கவைத்தே தீர வேண்டுமா, வீட்டிலிருந்தபடியே மருந்து கொடுத்துக் குணப்படுத்த முடியுமா என்பதைக் கண்டறிய 1956-இல் சென்னையில் தொடங்கிய மருத்துவ ஆய்வு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நிறுவிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இதை நடத்தியது. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வை முன்னின்று வழிநடத்தினார். முடிவுகள் 1959-இல் வெளியாயின.

அதுவரை காசநோய்க்கு வைத்தியம் என்றாலே நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு என்றுதான் இருந்தது. அதற்காகவே சானடோரியங்கள் எழுந்தன. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியத்தின் பெயரை அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்குமுன் படுக்கைகள் எந்த மூலைக்கும் போதவில்லை. 1952-இல் ஐசோனியசிட் மாத்திரை வந்தபின், படுக்கையே தேவைதானா என்ற கேள்வி பிறந்தது.

சென்னை நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஐசோனியசிட், பாஸ் என்ற அதே இரு மருந்துகள். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான அறைகளில் வாழ்ந்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், பலர் வேலைக்கும் போனார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குத்தான் உடல் எடை கூடுதலாக ஏறியது. அப்படியிருந்தும் குணமாவதில் பெரிய வேறுபாடு இல்லை.

வீட்டில் வைத்தால் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடுமே என்ற அச்சத்துக்கும் விடை கிடைத்தது. குடும்பத்தினரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே பரவிவிடுகிறது; மருந்து தொடங்கியதும் பரவும் வேகம் சட்டென்று குறைகிறது.

இந்த வெற்றியில் பாதி மருந்தினுடையது என்றால், மறுபாதி வீடு வீடாகப் போன சுகாதாரப் பார்வையாளர்களுடையது. அவர்களின் பங்கு போதிய அளவு பேசப்படவில்லை. பாஸ் மருந்தை நாளொன்றுக்குப் பல கிராம் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். உடம்பு கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிடத் தோன்றும். அதனால் பார்வையாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதமுள்ள மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீர் மாதிரி வாங்கி, அதில் ரசாயனம் சேர்த்து, நிறம் மாறுகிறதா என்று பார்த்து மருந்து உட்கொண்டதை உறுதிசெய்தார்கள். அப்படியும் சிலர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது தெரியவந்தது. அதன்பிறகே, வாரம் இரு முறை நோயாளியை வரவழைத்துக் கண்முன்னே மருந்து தரும் முறையை இம்மையம் சோதித்தது. பின்னாளில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இது வழிவகுத்தது.

காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை என்று இந்த ஆய்வு சொன்னதாகச் சிலர் எடுத்துக்கொண்டது தவறு. மருந்தை ஒழுங்காக எடுத்தால் ஏழை வீட்டிலும் குணமாகலாம் என்பதே அது காட்டியது. நோய் வராமல் தடுப்பதில் உணவின் பங்கு வேறு. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தினருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தது. சென்னை மையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இதில் பங்குண்டு.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.