காலண்டர் சாமி பிறந்த கதை

வீரபாண்டியில் பலசரக்குக் கடையோ உரக்கடையோ, கல்லாவுக்கு மேலே ஒரு தினசரி காலண்டர் தொங்கும். கிழிக்கும் தாள், அதற்கு மேல் கடையின் பெயர், அதற்கும் மேல் சாமி படம். அந்தப் படம் பெரும்பாலும் கையால் வரைந்த ஓவியம்தான். ஆளுக்கொரு கேமரா வந்த பிறகும் அந்த இடத்தைப் போட்டோ ஏன் பிடிக்கவில்லை? அந்தப் படம் பிறந்த விதத்தைப் பார்த்தால் புரியும்.

1894-ல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகம் சாமிகளை வண்ண அச்சில் வீடுகளுக்கு அனுப்பியது. நம் பக்கம் 1920-களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர்விட்டது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்ததும் காலண்டரும் வந்தது. அதற்குப் படம் தந்தவர்களில் முதன்மையானவர் கோவில்பட்டி கொண்டையராஜு.

1898-ல் மயிலாப்பூரில் பிறந்த அவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். 1940-களில் கோவில்பட்டியில் தங்கி, சீடர் டி.எஸ். சுப்பையாவுடன் தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்தினார். டி.எஸ். அருணாசலம், ராமலிங்கம், செண்பகராமன், மீனாட்சிசுந்தரம் என்று சீடர் வரிசை நீண்டது. 1976-ல் அவர் மறைந்தார். அவர் வகுத்த முகம் மறையவில்லை.

அவர்கள் படம் ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள். பின்னால் தூணும் திரையும் அருவியும் நாடக மேடை போலவே அடுக்கப்பட்டிருக்கும். முகத்திலோ கன்னமும் மூக்கும் மெல்ல நிழலேறி, ஸ்டூடியோ விளக்கில் எடுத்த போட்டோ போல உருண்டு நிற்கும். போட்டோவிடமிருந்து ஒளியை வாங்கிக்கொண்டவர்கள், பார்வையை மட்டும் தங்கள் தூரிகையில் வைத்துக்கொண்டார்கள்.

அச்சிலும் கேமரா கைகொடுத்தது. லித்தோ என்ற கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல், அதில் ஒவ்வொரு புள்ளியும் கைவேலை. ஆப்செட் வந்தபின் ஓவியத்தையே வண்ண வடிகட்டிகள் வழியே படமெடுத்து நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு பிளேட்டுகளாகப் பிரித்தார்கள். வரைந்த சாமியைப் பல்லாயிரம் வீடுகளுக்குக் கொண்டுபோனது போட்டோதான்.

சந்நிதியையே படமெடுத்துப் போட்டால் என்ன? பொதுவாகக் கருவறையில் கேமராவுக்கு அனுமதியில்லை. அனுமதித்தாலும் விளக்கு வெளிச்சத்தில் கருங்கல், மேலே மாலையும் பட்டும்; முகம் தெரியாது. முல்லையாற்றங்கரையில் இருக்கும் நம் வீரபாண்டி கௌமாரியம்மனை நினைத்துக்கொள்ளுங்கள். பார்வை இழந்த பாண்டிய மன்னன் அவளையும் கண்ணீசுவரமுடையாரையும் வணங்கிக் கண் பெற்றான் என்பது தலவரலாறு. சித்திரைத் திருவிழாவில் எடுக்கும் நேர்த்திக்கடன் பானைக்கும் ஆயிரங்கண் பானை என்றே பெயர். அம்மனிடம் இந்த ஊர் கேட்பது பார்வை. கடை வாசலில் நிற்பவரையும் உள்ளே எடை போடுபவரையும் நேராகப் பார்க்கும் கண்ணை வரையத்தான் முடியும்.

விளம்பர வேலையில் போட்டோவா ஓவியமா என்று குழம்புகிறவர்களுக்கு இந்தக் கதையில் ஒரு பாடம் உண்டு. பம்புசெட்டோ நகையோ விற்க வேண்டுமானால் போட்டோ போடுங்கள். வாங்குகிறவர் கையில் வரப்போகும் பொருளைத்தான் காட்ட வேண்டும். நம்பிக்கையையோ மங்கலத்தையோ சொல்ல வேண்டுமானால் ஓவியரைத் தேடிப் போங்கள். அதற்குக் கேமரா முன் நிறுத்த ஒரு பொருள் கிடையாது.

ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புதுக் காலண்டர் ஆல்பம் வெளியாகிறது. ஆர்டர் கொடுக்கும் கடைக்காரர்கள் விலையோடு, படத்தின் ஓரத்தில் ஓவியர் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு வருடம் முழுக்க உங்கள் கடைப்பெயருக்கு மேல் நிற்கப்போகும் வேலை அது. செய்தவரைத் தெரிந்துகொண்டு வாங்குவதே முறை.