முள்ளில்லா மரத்துக்குப் போன முள்ளின் பெயர்

பெங்களூரில் 'அகேசியா' என்றால் இன்று பலர் சுட்டுவது சமூகக்காடுத் திட்டங்களில் பெருமளவில் நடப்பட்ட ஆஸ்திரேலிய மரத்தை. அதற்கு முள் இல்லை. இலைபோல் தோன்றுவதும் தட்டையாகிப்போன இலைக்காம்பே. நீலகிரியில் பரவிய வாட்டில் மரமும் அதன் இனமே. இவ்வூர்ப் புதர்க்காட்டின் பூர்வகுடிகளான கரிஜாலியும் பிளிஜாலியும், அதாவது நம் கருவேலும் வெள்வேலும், தாவரவியல் ஏட்டில் இப்போது அகேசியா அல்ல. இம்மாற்றத்தின் வரலாறு விந்தையானது.

அகேசியா என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் முள்ளைக் குறிக்கும் சொல்லே வேர் என்பர். முதல் நூற்றாண்டில் டயஸ்கோரிடிஸ் அப்பெயரால் விவரித்தது எகிப்தின் முள்மரத்தை. அது கருவேல் என்பதே அறிஞர் கொள்கை. 1753இல் லின்னேயஸ் அதனை மைமோசாவில் சேர்த்தார். மறு ஆண்டே பிலிப் மில்லர் அகேசியா என்னும் பேரினத்தை வெளியிட்டார். இரண்டரை நூற்றாண்டுக்குப் பின், அப்பேரினம் உண்மையில் பல பேரினங்கள் என்பது தெளிவானபோது, பெயர் யாருக்கு என்ற வழக்கு எழுந்தது. மரபுப்படி அது கருவேலின் கூட்டத்துக்கே உரியது. ஆனால் ஏறத்தாழ ஆயிரம் ஆஸ்திரேலிய இனங்களுக்குப் பெயர் மாற்ற வேண்டிவரும் என்று வாதிட்டனர். 2005இல் வியன்னா மாநாட்டில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் இடமாற்றத்தை எதிர்த்தே வாக்களித்தனர். குழுவின் பரிந்துரையைத் தள்ள 60 விழுக்காடு தேவை என்ற விதியால் எதிர்ப்பு தோற்றது. 2011இல் மெல்போர்ன் மாநாடு அதனை உறுதிசெய்தது. பெரும்பான்மை எதிர்த்தும் நிறைவேறிய இம்முடிவை நேர்மையானது எனச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் மரங்களுக்குக் கிடைத்த பெயர் வச்செல்லியா. அதுவும் ஒருவகையில் நம் மண்ணோடு தொடர்புடையதே. சென்னை மாகாணத்தில் கும்பினி மருத்துவராக இருந்த ராபர்ட் வைட், ஆர்னாட்டுடன் சேர்ந்து 1834இல் வெளியிட்ட தென்னிந்தியத் தாவர நூலில் அதனைச் சூட்டினார். மக்காவில் கும்பினியின் பாதிரியாராக இருந்து செடிகள் சேகரித்த வச்செல் என்பவரின் நினைவுப்பெயர் அது. சீயக்காயும் கருங்காலியும் செனகாலியா என்னும் வேறு பேரினத்துக்குப் போயின.

கருவையும் வெள்ளையையும் பட்டையின் நிறத்தால் பிரித்தறிந்த தமிழருக்கும் கன்னடருக்கும் இவ்வழக்கு தேவைப்படவில்லை. வெள்வேல் சரளை கலந்த செம்மண்ணிலும் மழை குறைந்த மேட்டிலும் நிற்கும். அதன் பட்டையை வெல்லத்தோடு ஊறவைத்து வடித்ததே பட்டைச்சாராயம். கருவேலுக்குக் கரிசலும் ஏரி உள்வாயும் உகந்தவை. மாதக்கணக்கில் நீரில் நின்றாலும் அது சாவதில்லை. ஆதலால்தான் கூந்தன்குளத்திலும் வேட்டங்குடியிலும் நீர்ப்பறவைகள் அதன்மேல் கூடு கட்டுகின்றன. அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக்கருவேலோடு இதைக் குழப்பி வெட்டுவோர் பூவைப் பார்த்தாலே போதும்: கருவேலின் பூ மஞ்சள் உருண்டை, சீமைக்கருவேலின் பூ நீண்ட கதிர்.

விதையின் ஓடு கடினமானது. அப்படியே ஊன்றினால் எளிதில் முளைக்காது. நாற்றங்காலில் கொதிநீர் ஊற்றி ஊறவைப்பர். ஆடு தின்று கழித்த விதைக்கு அந்த வேலையும் மிச்சம். கிடை போட்ட நிலத்தில் தானாகவே முளைத்துவரும்.