பாரம்பரிய வைத்தியர் பதிவு

பாரம்பரிய வைத்தியர் பதிவு என்பது, கல்லூரியில் பயின்று பட்டம் பெறாது, தந்தையிடமோ ஆசானிடமோ பல்லாண்டுகள் உடனிருந்து கற்று, சித்தம், யூனானி, வர்மம், எலும்பு முறிவுக் கட்டு முதலியவற்றைத் தொழிலாகக் கொண்டோர்க்கு அரசாங்கம் அளிக்கும், அல்லது அளிக்க மறுக்கும், தொழிலுரிமையைக் குறிக்கும். இதன் சரித்திரம் தமிழகம் முழுவதற்கும் பொதுவானதே. எனினும், சித்த வைத்தியர் பற்பமாக்கும் முத்தும் சங்கும் விளையும் மன்னார் வளைகுடாக் கரையில், திருச்செந்தூருக்கு வடக்கே அமைந்த காயல்பட்டினத்தை முன்னிறுத்தி அதனைச் சொல்வதில் ஒரு பொருத்தம் உண்டு.

அரபு வணிகத்தாலும் அறபுத்தமிழ் இலக்கியத்தாலும் பெயர் பெற்ற அவ்வூரிலே, யூனானி மரபும் தமிழ் மருத்துவமும் ஒன்றையொன்று அறிந்தே வாழ்ந்தன. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அம்மரபில் மார்க்க நூல்களோடு வைத்திய நூல்களும் தோன்றின. இத்தகைய ஊர்களில் நோயுற்றவர் நாடுவோர் ஒருவகையினர் அல்லர். சூரணமும் லேகியமும் கொடுப்பவர் ஒருவர். பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவச்சி மற்றொருவர். தண்ணீர் ஓதிக் கொடுத்துத் தாயத்துக் கட்டும் லெப்பை வேறொருவர். இம்மூவரையும் 'நாட்டு வைத்தியர்' என்ற ஒரே பெயரால் அழைத்து, மூவருக்கும் ஒரே அளவுகோலை வைக்கப் புகுந்ததிலிருந்தே பிற்காலக் குழப்பங்களிற் பல பிறந்தன.

பட்டயமின்றிப் பரம்பரையே தகுதியாக நின்றதற்கு இக்கரையில் ஒரு விசித்திரமான உதாரணம் உண்டு. முத்துக்குளிப்போரைச் சுறா தீண்டாதபடி மந்திரத்தால் அதன் வாயைக் கட்டுவதாகச் சொல்லிய 'கடல்கட்டி' என்போர், மார்க்கோ போலோ வந்த 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்றனர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கை முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னன்ட், அவ்வதிகாரம் குடும்பவழி வருவதென்றும், அப்போது அதனை வகித்தவர் ஒரு கத்தோலிக்கர் என்றும் குறிப்பிடுகிறார். மந்திரம் எந்தச் சமயத்தது என்று ஒருவரும் வினவவில்லை. குடும்பம் எது என்பது மட்டுமே வினவப்பட்டது. கடல்கட்டி இல்லையேல் முத்துக்குளிப்போர் நீரில் இறங்க மறுத்தமையால், அவருடைய மந்திரம் பலித்ததோ இல்லையோ, அவரால் வேலை நடந்தது.

மருந்து கொடுப்பவரின் நிலை வேறு. சங்கையோ முத்துச்சிப்பியையோ பற்பமாக்கப் புகும் வைத்தியர், முதலில் அதனைச் சுத்தி செய்து, மூலிகைச் சாறு விட்டுக் கல்வத்தில் அரைத்து, வில்லை தட்டி உலர்த்தி, அகலில் இட்டு மேலகலால் மூடி, சீலைமண் செய்து, கணக்கிட்ட வறட்டிகளுக்கிடையே புடமிட்டு எடுப்பர். முடிந்த பற்பம் பளபளப்பு நீங்கி, நீரில் மிதந்து, விரலால் தேய்த்தால் கைரேகைக்குள் படிதல் வேண்டும். எத்தனை வறட்டி, எவ்வளவு சாறு என்பவற்றை ஏடு சொல்லும். ஆயினும் புடம் ஆறியதை அறியும் கண்ணும், வில்லையின் பதத்தை அறியும் விரலும் ஆசானின் அருகில் இருந்தாலன்றி வாரா. சங்கோடு நில்லாமல் ரசத்தையும் பாஷாணத்தையும் கையாளும் சாஸ்திரம் இது என்பதையும் மறத்தலாகாது. சுத்தியில் நேரும் பிழை நோயாளியின் குடலையும் சிறுநீரகத்தையும் சென்று தாக்கும். பரம்பரைக் கல்வியின் பெருமைக்கும், அக்கல்வியை யாரேனும் ஒருவர் சோதித்தாக வேண்டும் என்பதற்கும் இவ்வொரு தொழிலே சான்றாகும்.

வைத்தியனை அரசு அங்கீகரிக்கும் வழக்கம் ஆங்கிலேயரோடு வந்ததன்று. 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் சாசனம், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும், அதில் வைத்தியக் காணி பெற்ற கோதண்டராமன் அஸ்வத்தாம பட்டனையும் கூறுகிறது. ஆனால் ஏட்டில் பெயர் இல்லாதவன் வைத்தியனாகான் என்ற எண்ணம், சென்னை மாகாண மருத்துவப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்ட 1914ஆம் ஆண்டிற்குப் பின்னரே வேரூன்றிற்று. மேனாட்டு வைத்தியம் பயின்றோர்க்கே அப்பதிவு உரியதாக இருந்தமையால், சுதேச வைத்தியர்கள் குறை கூறலாயினர். அதன் பயனாக 1921இல் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைந்து, 1923இல் அறிக்கை அளித்தது. அடுத்த ஆண்டு ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றையும் கற்பிக்கும் இந்திய வைத்தியப் பள்ளி சென்னையில் தோன்றியது. அப்பள்ளி வளர்ந்த கல்லூரியே 1960இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாகி மேனாட்டு வைத்தியத்திற்கு உரியதாயிற்று என்பது சரித்திரத்தின் பரிகாசங்களுள் ஒன்று. சித்தம் 1964இல் பாளையங்கோட்டையில் தனக்கென ஒரு கல்லூரி பெற்றது. அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காயல்பட்டினத்தார்க்கு அதுவே அணித்தான வைத்தியக் கல்விக்கூடம். இதற்கிடையே, பட்டமின்றியும் அனுபவத்தின் பேரில் பதிவு பெற்றோர் பலர் 'ஆர்.ஐ.எம்.பி.' (பதிவு பெற்ற இந்திய மருத்துவர்) என்ற எழுத்துக்களைப் பெயர்ப்பலகையில் பொறித்துத் தொழில் நடத்தினர்.

அவ்வாயிலை அடைத்தது 1970ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மத்தியக் கவுன்சில் சட்டம். அங்கீகாரம் பெற்ற கல்வித் தகுதியும் பதிவும் உடையவரே வைத்தியம் செய்யலாம் என்றும், மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்றும் அதன் 17ஆம் பிரிவு கூறியது. முன்னரே பதிவு பெற்றிருந்தோர்க்கும், பதிவேடே இல்லாத மாநிலங்களில் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் தொழில் செய்துவந்தோர்க்கும் மட்டும் விலக்கு அளித்தது. அவர்களுடைய மக்களுக்கு அவ்விலக்கு இறங்கவில்லை. கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் தொடுத்த வழக்கில், தகுதியும் பதிவும் இல்லாதோர் வைத்தியம் பார்க்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரல் மாதத்தில் தீர்ப்பளித்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டுச் சட்டமும் பதிவின்றித் தொழில் செய்வதை அனுமதிக்கவில்லை. பட்டம் பெற்றவரும் எல்லை கடத்தல் ஆகாது: ஹோமியோபதி கற்றவர் மேனாட்டு மருந்து கொடுத்த வழக்கில், தாம் கல்லாத முறையைக் கையாள்பவர் போலி வைத்தியரே என்று அதே நீதிமன்றம் 1996இல் கூறியது.

ஓதிப் பார்ப்பவரின் நிலைமையோ இன்னும் வேறானது. மருந்து, மாந்திரீகப் பரிகாரம் பற்றிய 1954ஆம் ஆண்டு விளம்பரச் சட்டம், தாயத்தாலும் மந்திரத்தாலும் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறதே யன்றி, ஓதுவதைத் தடுக்கவில்லை. இவ்வேறுபாடு நியாயமானதே, தண்ணீர் ஓதிக் கொடுப்பவரிடம் பட்டம் கேட்பது வீண், அவர் சர்க்கரை நோய்க்கு மருந்தை நிறுத்தச் சொன்னால் பட்டமில்லாமையைச் சுட்டித் தடுப்பது கடமை.

காயல்பட்டினத்து மாணிக்க வணிகர் பலகாலம் போய்வந்த இலங்கையில் வேறொரு முறை நிலவுகிறது. அங்கே 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ், பரம்பரை வைத்தியர் தம் துறையில், எலும்பு முறிவோ விஷக்கடியோ எதுவாயினும், பதிவு பெற இடமுண்டு. இந்தியாவிலும், தம் நோயாளிக்கெனத் தாமே மருந்து செய்யும் வைத்தியரையும் ஹக்கீமையும் உற்பத்தி உரிமத்திலிருந்து மருந்துச் சட்டம் விலக்கியுள்ளது. கையால் செய்யும் மருந்தின் மதிப்பை அறிந்தே சட்டம் அவ்விலக்கை வைத்தது. அத்தகைய மருந்தைச் செய்யக் கற்ற மகனைச் சோதிக்க ஒரு தேர்வுக்கூடத்தையும் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. தகுதி கேட்டது குற்றமன்று, தகுதியைக் கல்லூரி வாசலில் மட்டும் தேடியதே குறை. இன்றைய நிலையில் தமிழ்நாட்டில் சித்த வைத்தியம் பார்க்க விரும்பும் வைத்தியர் வீட்டுப் பிள்ளைக்கும் பி.எஸ்.எம்.எஸ். பட்டமும் மருத்துவக் கவுன்சில் பதிவெண்ணும் இன்றியமையாதவை.