பீச்சும் பாதாமும்: இலைச்சுருட்டை நோயின் வரலாறு

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நிழலுக்காக வளர்க்கப்படும் 'பாதாம் மரம்' உண்மையில் நாட்டு வாதுமை. கடையில் விற்கும் பாதாம் பருப்பு வேறொரு மரத்தின் விதை. அந்த மரத்துக்கு நெருங்கிய உறவு பீச். பாதாமிலிருந்து பீச் தோன்றியிருக்குமா என்ற கேள்வியை டார்வின் 1868இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். இன்று பீச்சின் தாயகம் சீனா என்றும், பாதாமின் தாயகம் மேற்கு, நடு ஆசியா என்றும் கொள்ளப்படுகிறது. உறவு நெருக்கமானது என்பதால் ஒன்றின் மேல் மற்றொன்றை ஒட்டுக்கட்டலாம். நோயும் இரண்டுக்கும் பொதுவாகிவிடுகிறது.

அவற்றுள் முதன்மையானது இலைச்சுருட்டை. இராயக்கோட்டைப் பக்கம் தக்காளியில் வருவது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். பெயர் ஒன்றானாலும் இது வேறு. 'டாஃப்ரினா' என்னும் பூஞ்சையால் வரும் இந்நோயில் இளந்தளிர் தடித்து, சிவந்து, கொப்புளித்துச் சுருண்டு உதிர்கிறது. பூஞ்சையின் வித்துகள் பட்டையிலும் மொட்டுச் செதில்களிலும் தங்கியிருந்து, குளிரும் ஈரமும் சேர்ந்த நாளில் மொட்டு விரியும்போது உள்ளே புகுகின்றன. இலை சுருண்ட பின் மருந்தடிப்பதில் பயனில்லை. ஒரே தோட்டத்தில் பாதாமையும் பீச்சையும் வளர்ப்பவர் பீச்சுக்கு மட்டும் மருந்தடித்தால் போதாது.

இதற்கான மருந்து திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்தது. பிரான்சின் மெடாக் பகுதியில், வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசுவது வழக்கம். அக்கொடிகளில் அடிச்சாம்பல் நோய் இல்லாததை 1882இல் தாவரவியலார் மில்லார்டே கவனித்தார். 1885இல் போர்டோ கலவையை வெளியிட்டார். திருடருக்கு வைத்த கண்ணி பூஞ்சையைப் பிடித்தது! பீச் இலைச்சுருட்டைக்கு இலையற்ற காலத்தில் தெளிப்பதே தீர்வு என்பதை 1900இல் அமெரிக்க வேளாண்துறை வெளியிட்ட நியூட்டன் பியர்ஸின் அறிக்கை விளக்கியது.

ஒரு விழுக்காட்டுக் கலவைக்கு 100 லிட்டர் நீரில் மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ. இரண்டையும் தனித்தனியே கரைத்துக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலவையில் தோய்த்த கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள்.

தமிழகத்தில் ஐரோப்பியப் பழமரங்கள் 1820களில் ஜான் சல்லிவன் காலத்தில் நீலகிரிக்கு வந்தன. குன்னூரில் 1920இல் பழப்பண்ணை அமைந்தது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பீச் வேரூன்றியது. காய் முற்றும்போது வறண்ட வானிலையை வேண்டும் பாதாமோ இந்தியாவில் பெரும்பாலும் காஷ்மீர், இமாச்சல மலைகளிலேயே நின்றுவிட்டது.

சுமார் 900 மீட்டர் உயரமுள்ள ஓசூரில் சிக்கல் வேறு. இலையுதிர்த்து உறங்கும் பீச் உறக்கம் கலைந்து சீராகத் துளிர்ப்பதற்கு 7 பாகை செல்சியசை ஒட்டிய குளிர் பல நூறு மணிநேரம் தேவை. குறைந்த குளிரே போதுமான ஃபுளோரிடாசன் போன்ற இரகங்களுக்கும் ஓரளவு வேண்டும். ஓசூரில் அது கிடைப்பது அரிது. குளிர் போதாத மரம் ஒரு கிளையில் பூத்து, மறு கிளையில் பழைய இலையோடு நிற்கும். செப்பு மருந்து பட்டால் பீச்சின் பச்சை இலை கருகும். அத்தகைய மரத்தில் தெளிப்புக்குரிய இலையற்ற நாளே வருவதில்லை.